வெற்றுத் தாளில் ஒரு கையெழுத்து

ஈப்போ லஹாட் ரோட்டில், செட்டியார் கிட்டங்கிகள் இருந்த பக்கம் போனால் மாமா ஞாபகம் வராமல் இருக்காது. வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. "எழுதினப்புறம் கையெழுத்துப் போடு. போட்டப்புறம் எழுத விடாதே" என்பார். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், எங்களுக்கு என்ன புரியும்?

அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். அக்கா கல்யாணத்துக்குத் தெரிந்த ஒருவரிடம் கடன் வாங்கினார். புரோநோட்டில் தொகை இல்லை, தேதி இல்லை. "நம்ம ஆளுதானே அண்ணே, அப்புறம் எழுதிக்கலாம்" என்றாராம் அவர். அப்பாவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நோட்டீஸ் வந்தபோது அதில் இருந்த தொகையை அம்மா நம்பவேயில்லை. அப்பா கோர்ட்டுக்குப் போகவில்லை. மாடுகளை விற்று அடைத்தார்.

போயிருந்தால்? 1949ஆம் ஆண்டின் மாற்றுச்சீட்டுச் சட்டத்தில் 20ஆம் பிரிவு இருக்கிறது. நிரப்பிக்கொள்ளச் சொல்லி வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்தக் கையெழுத்தே நிரப்புவதற்கான அனுமதி. பேசிக்கொண்ட வரம்புக்குள்தான் நிரப்ப வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் லயத்து வாசலில் பேசிய பேச்சுக்கு யார் சாட்சி சொல்வார்? சட்டம் தந்த அந்தப் பாதி நியாயத்தைக்கூட எங்கள் ஆட்கள் எட்டிப் பிடிக்க முடியவில்லை என்பதுதான் இன்றும் எனக்கு ஆறாதது.

கடன் கொடுத்தவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கவும் மாட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் கடன் வாங்கியவர்கள் போருக்கு முந்திய கடனை வாழைமர நோட்டில் அடைத்துவிட்டுப் பத்திரத்தை மீட்டுக்கொண்டு போனார்கள். 1945இல் வெள்ளைக்காரன் திரும்பியதும் அந்த நோட்டு குப்பைக்குப் போனது. அப்படி அடைத்த கடன் அடைந்ததா, இல்லையா என்று ஒரு சட்டமே 1948இல் வர வேண்டியிருந்தது. பெட்டி நிறைய செல்லாத காசோடு உட்கார்ந்திருந்த செட்டியார்களும் இதே ரோட்டில்தான் இருந்தார்கள்.

அப்பா கடைசிவரை பத்திரமாக வைத்திருந்த காகிதங்கள் வேறு. வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்களைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த நேரம். அவற்றைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு. ஒவ்வொரு ரசீதிலும் பெயரும் தொகையும் எழுதியிருக்கும். அப்பா கையெழுத்துப் போட்ட காகிதங்களைவிட, அவர் பெயர் எழுதப்பட்ட காகிதங்கள் அவருக்கு நல்லது செய்தன.

பிறகு நான் ஈப்போவில் கணக்கெழுதப் போனேன். காசோலை என்றால் பயம்தான். எண்ணுக்கு முன்னால் இடம் விடமாட்டேன். தொகைக்குப் பின்னால் கோடு இழுப்பேன். லண்டனில் ஒரு குமாஸ்தா 2 பவுன் காசோலையில் இருந்த இடைவெளியில் 120 ஆக்கிப் பணம் எடுத்தான். இடம் விட்ட முதலாளிதான் நஷ்டம் ஏற்க வேண்டும் என்று 1918இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. அதே நேரம், கையெழுத்தே போலி என்றால் கதை வேறு. இங்கே இந்திய வங்கிகள் மூன்று சேர்ந்து உருவான யுனைடெட் ஏசியன் பேங்க், ஒரு கட்டுமான கம்பெனியின் கணக்கில் போலிக் கையெழுத்துக் காசோலைகளுக்குப் பணம் கொடுத்தது. வாடிக்கையாளர் தன் கணக்கறிக்கையைச் சரிபார்க்கவில்லை என்று வங்கி வாதாடியது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, நஷ்டம் வங்கிக்கே. 1993 சட்ட அறிக்கைகளில் அந்தத் தீர்ப்பு வந்தபோது மாமா உயிரோடு இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். பிறகு 1998இல் அதே மாற்றுச்சீட்டுச் சட்டத்தில் 73ஏ பிரிவைச் சேர்த்தார்கள்: தெரிந்தோ கவனக்குறைவாலோ போலிக்கு இடம் கொடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இனி இல்லை. வங்கிக்கு ஒரு சங்கடம் வந்தால் சில வருஷத்தில் சட்டம் திருந்துகிறது. பால் வெட்டியவருக்கு அப்படித் திருந்தியதாக எனக்கு ஞாபகமில்லை.

இருக்கிற சட்டத்தையாவது பயன்படுத்துங்கள். இப்போது தோட்டத்தை விட்டு வந்து தாமான் வீடுகளில் இருக்கும் நம் பிள்ளைகள், ஏடிஎம் கார்டையும் நிரப்பாத பாரத்தையும் லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரனான ஆலோங்கிடம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். லைசென்ஸ் உள்ளவரிடம் போங்கள். அடமானம் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காடு, அடமானக் கடனுக்கு 12. அதற்குமேல் வட்டி கேட்க அவருக்கு உரிமையில்லை. பணம் கைக்கு வருமுன் ஒப்பந்தப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தராமல் கொடுத்த கடனைக் கோர்ட்டில் வசூலிக்க முடியாது; கடன் கொடுப்போர் சட்டம், 16ஆம் பிரிவு.