பத்து நாள் பச்சை

மதுரையில் இருபது வருடமாக மருதாணிக் கோன் பிடிக்கிறேன். கல்யாண வீடு, வளைகாப்பு, ஆடி, தீபாவளி என்று உள்ளங்கைகளைப் பார்த்தே பழகியவளிடம், இப்போது ஐந்தாறு வருடமாகப் புதிதாக ஒரு கூட்டம் வருகிறது. இவர்கள் கையை நீட்டுவதில்லை. சட்டைக் கையைச் சுருட்டித் தோளைக் காட்டுகிறார்கள். முடியை ஒதுக்கிப் பின்னங்கழுத்தைக் காட்டுகிறார்கள். "டாட்டூ போடலாம்னு இருக்கேன்க்கா. அதுக்கு முன்னாடி மருதாணியில ஒருதடவ போட்டுப் பாத்துக்கலாமா?"

பார்க்கலாம். ஆனால் ஒரு கெட்ட செய்தியைச் சொல்லிவிட்டுத்தான் கோனை எடுப்பேன். டாட்டூக்குத் தோதான இடங்களில் மருதாணி சுமாராகத்தான் பிடிக்கும். இலையில் இருக்கும் லாசோன் என்ற சாயம், மேல்தோலில் செத்துக்கிடக்கும் செல்களின் கெரட்டினோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த அடுக்கு எங்கே தடிமனோ அங்கேதான் நிறம் ஏறும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அடர் பழுப்பு வரை போகும். முன்கையில் பரவாயில்லை. தோள், முதுகு, கழுத்து என்றால் செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரிதான் வரும். டாட்டூவின் கதை நேர்மாறு. ஊசி மேல்தோலைத் தாண்டி அடித்தோலில் மையை இறக்குகிறது. அதை உள்ளங்கையில் குத்தினால் சீக்கிரம் மங்கிப்போகும் என்பதால், குத்துகிறவர்களே அங்கே வேண்டாம் என்பார்கள். ஆகவே, "இதே மாதிரி கறுப்பா இருக்குமா?" என்று கேட்காதீர்கள். நிறத்துக்கு மருதாணி ஒத்திகை ஆகாது. இடத்துக்கும் அளவுக்கும் ஆகும். அதைவிட, ஒரு படத்தோடு பத்து நாள் குளித்து, சாப்பிட்டு, பஸ் ஏறி, வேலைக்குப் போய்வர முடிகிறதா என்று பார்க்க ஆகும்.

பொடி ராஜஸ்தானிலிருந்து வருகிறது. பாலி மாவட்டத்துச் சோஜத் மருதாணிக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, கொஞ்சம் நீலகிரித் தைலம். அவ்வளவுதான் என் கலவை. ராத்திரி கலந்தால் மதுரை வெயிலுக்குக் காலையில் சாயம் இறங்கியிருக்கும். ஆண் பிள்ளைகளிடம் முந்தின நாளே கை முடியை மழித்துவிட்டு வரச் சொல்வேன். பாதிப் பேர் மறந்துவிட்டு வருவார்கள். கோடு தோலில் உட்காராமல் முடிமேல் ஊஞ்சலாடும். ஆறு மணி நேரமாவது வைத்திருந்து சுரண்டி எடுக்க வேண்டும், அன்று முழுக்கத் தண்ணீர் படக்கூடாது. எடுத்தவுடன் பூசணிக்காய் உள்ளே இருக்குமே, அந்த நிறம்தான் தெரியும். "அக்கா, பிடிக்கவே இல்ல" என்று போன் வரும். ரெண்டு நாள் பொறு, காற்றுப்பட்டுக் கறுக்கும் என்பேன்.

என் அப்பத்தாவின் முன்கையில் பச்சை குத்தியிருந்தது. ஊருக்கு வந்த குறத்தி குத்தியது. கோலம்போலப் புள்ளியும் கம்பியும், கீழே தம்பி பேர். எனக்கு நினைவு தெரிந்தபோது அது பேராக இல்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து பச்சைத் திட்டாகியிருந்தன. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அவர் விரலால் தடவித்தான் சொல்வார். மை வருடக்கணக்கில் தோலுக்குள் மெல்லப் பரவும் என்று தொழிலுக்கு வந்தபிறகு தெரிந்துகொண்டேன். பொடி எழுத்தில் பேர் கேட்பவர்களிடம் இந்தக் கையைப் பற்றிச் சொல்வேன்.

தமிழ் எழுத்து கோனுக்கும் லேசில் அடங்காது. ண-வின் சுழிகளைச் சின்னதாகப் போட்டால் விழுது உள்ளே நிரம்பிக் கண் அடைத்துக்கொள்ளும். புள்ளி வைக்கும்போது அமுக்கி, நிறுத்தி, அதன்பிறகுதான் தூக்க வேண்டும். அமுக்கிக்கொண்டே தூக்கினால் புள்ளிக்கு வால் முளைத்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். முன்கையின் உட்புறம் 'தாய் பாசம்' என்ற எழுத்து, பக்கத்தில் மயிலிறகு. யாரோ வரைந்து கொடுத்த படம் போனில் இருந்தது. எழுத்து அவ்வளவு அழகு. நான் வளைவுகளைப் பார்த்தேனே தவிர வாசிக்கவில்லை. ஐந்தாம் நாள் போன் செய்தாள். "அக்கா, எங்க பெரியப்பா தமிழ் வாத்தியார். கையப் பிடிச்சுப் பாத்துட்டு, 'ப்' எங்கம்மான்னு கேக்குறார்." தாய்ப்பாசம்! ஒற்று மிக வேண்டிய இடம். அவள் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மறுபடி வந்தாள், 'ப்' போட்டோம். இந்தத் தடவை இன்னொரு சிக்கல். எழுத்து அவள் பார்க்க நேராக இருக்க வேண்டுமா, எதிரே இருப்பவர் படிக்க நேராக இருக்க வேண்டுமா? எதிரே இருப்பவருக்காகத் திருப்பிப் போட்டேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால் ஊரே படிக்கிறது, அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள் என்றாள். அம்மா நன்றாகத்தான் இருக்கிறார்.

கறுப்பு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், "டாட்டூ மாதிரியே கன்னங்கரேல்னு வேணும்" என்று ஒரு மாணவர் கேட்டார். கடையில் கறுப்புக் கோன் வாங்கினேன். மேலே என்ன கலந்திருக்கிறது என்று ஒரு எழுத்தும் இல்லை. அரை மணி நேரத்தில் கறுத்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. சில நாளில் அவர் தோளில் நான் வரைந்த டிராகன் அதே வடிவத்தில் கொப்புளமாக எழும்பி நின்றது. ஆறியபின் வெளிறிய தழும்பாகத் தங்கிவிட்டது. முடிச்சாயத்தில் போடும் பாராஃபெனிலீன்டையமீன் ஒவ்வாமல் போயிருக்கிறது, இனி ஆயுசுக்கும் தலைக்குச் சாயம் போடாதீர்கள் என்று தோல் மருத்துவர் சொல்லியனுப்பினார். பத்து நாளில் போய்விடும் என்று சொல்லித்தான் அவருக்குப் போட்டுவிட்டேன். தவறு என்னுடையது. அதன்பிறகு கறுப்புக் கோனைத் தொட்டதில்லை. மருதாணி ஒருநாளும் ஒரு மணி நேரத்தில் கறுக்காது. கறுத்தால் அது மருதாணி இல்லை. யார் நீட்டினாலும் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கல்லூரிப் பெண் மூன்றாம் தடவை எழுத்தே வேண்டாம் என்றாள். இறகு மட்டும் போட்டோம். எட்டாம் நாளிலிருந்து அது மங்க ஆரம்பித்தது. வாட்ச் கட்டும் இடத்தில் முதலில் போயிற்று. முழுக்கப் போனதும் கை வெறுமையாக இருக்கிறதென்று சொல்லிவிட்டு, டாட்டூக் கடைக்குப் போய் அதையே குத்திக்கொண்டாள்.

இப்போது என்னிடம் உள்ளங்கைக்கு மட்டும் வருகிறாள்.