இரண்டாவது பிள்ளை

பில் ஆலிவரின் பேனாவை ஏன் எடுத்தான் என்று பிஃபுக்கே தெரியவில்லை. தொழில் தொடங்கப் பழைய முதலாளியிடம் பணம் கேட்கப் போனவன், 6 மணி நேரம் காத்துக் கிடக்கிறான். வெளியே வந்த ஆலிவருக்கோ ஆளை அடையாளமே தெரியவில்லை. அவர் போனதும் அறைக்குள் நுழைந்து, பேனாவை எடுத்துக்கொண்டு 11 மாடி இறங்கி ஓடுகிறான். ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ என்றதும் பலருக்கு வில்லி லோமனின் சாவு ஞாபகம் வரும். எனக்கு அவர் மூத்த மகன் பிஃபின் இந்த ஓட்டம்.

பேனாவிலிருந்து மனசு பந்துக்குப் போகும். பள்ளிக்கூட லாக்கர் அறையிலிருந்து சிறுவன் பிஃப் ஒரு பந்தைத் தூக்கி வருகிறான். திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார் வில்லி, சிரித்துக்கொண்டே. கோச் உன் துணிச்சலை மெச்சத்தான் செய்வார் என்றும் சேர்த்துக்கொள்கிறார். கண்டிப்பும் தட்டிக்கொடுப்பும் ஒரே மூச்சில் வந்தால் பிள்ளை எதைக் காதில் வாங்கும்? பக்கத்தில் கட்டடம் எழும்பும் இடத்திலிருந்து மணல் அள்ளி வரச் சொல்வதும் இதே அப்பாதான்.

ஊரை ஏமாற்றக் கிளம்பியவர் என்று வில்லியைச் சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிடுகிற ஆள். ப்ராவிடன்ஸில் 500, பாஸ்டனில் 700 என்று வியாபாரத்தை அளக்கிறார். கமிஷன் கணக்குப் போட மனைவி லிண்டா பென்சிலை எடுத்ததும் அந்த 1,200 டாலர் கரைந்து கரைந்து 200இல் வந்து நிற்கிறது. லிண்டா ஒன்றும் சொல்வதில்லை. அந்த மௌனத்தின் மேல்தான் அந்தக் குடும்பமே நிற்கிறது.

மில்லருக்கு மேனி நியூமன் என்று ஒரு மாமா, வில்லியைப் போலவே சேல்ஸ்மேன். மில்லரின் ‘ஆல் மை சன்ஸ்’ பாஸ்டனில் நடந்தபோது, நாடகம் முடிந்து வாசலில் எதிர்ப்பட்ட அவர், ‘நல்லா இருக்கியா’ என்றுகூடக் கேட்காமல், தன் மகன் பிரமாதமாக இருக்கிறான் என்றாராம். அந்த 1947 நாடகத்திலும் ஓர் அப்பா. விரிசல் விட்ட எஞ்சின் பாகங்களை விமானப்படைக்கு அனுப்பி, 21 விமானிகள் சாகக் காரணமாகி, பிள்ளைகளுக்காகத்தான் செய்தேன் என்று நம்புகிற ஜோ கெல்லர். மகன் கிறிஸுக்கு உள்ளூரச் சந்தேகம் இருந்தது. கேட்காமலே அந்தச் சோற்றைத் தின்றான். கெல்லரைவிட அவன்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறான்.

பிஃப் அந்த வகையில் தப்பித்தவன். கணக்குப் பாடத்தில் தோற்று அப்பாவைத் தேடி பாஸ்டன் ஹோட்டலுக்குப் போனான். அறையில் வேறொரு பெண். நாடகத்தைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் அந்தக் கதவருகே வந்து பிஃபின் வாழ்வு அங்கேதான் உடைந்தது என்பார்கள். உடைந்ததுதான். ஆனால் அப்பாவை உள்ளபடி பார்க்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்தது, தம்பி ஹாப்பிக்குக் கிடைக்கவில்லை.

ஹாப்பியை யார் கவனித்தார்கள்? சிறு வயதில் எடை குறைந்திருக்கிறேன் பாருங்கள் என்று அப்பாவிடம் காட்டிக்கொண்டே இருக்கிறான். வளர்ந்த பிறகு, கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்று அம்மாவிடம். அசிஸ்டென்ட் பையர் என்று சொல்லிக்கொள்கிறான். நிஜத்தில் அசிஸ்டென்ட்டுக்கு இருக்கும் இரண்டு அசிஸ்டென்ட்களில் ஒருவன். மேலதிகாரிகளுக்கு நிச்சயமான பெண்களோடு படுத்துவிட்டு அவர்கள் கல்யாணத்துக்கும் போய் வருகிறான். உணவகத்தில் அறிமுகமான பெண்களிடம், நிலைகுலைந்து நிற்கும் வில்லியைத் தன் அப்பாவே இல்லை என்கிறான். மேடையில் இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் கோபம் வரும். பிறகு பந்து ஞாபகம் வரும். வில்லி சிரித்தபோது இவனும் பக்கத்தில்தானே நின்றிருந்தான்!

கல்லறையருகே, அப்பாவுக்குக் கடைசிவரை தான் யாரென்றே தெரியவில்லை என்கிறான் பிஃப். ஹாப்பிக்குப் பொறுக்கவில்லை. இந்த ஊரைவிட்டு நகரமாட்டேன், அப்பாவின் கனவை இங்கேயே ஜெயித்துக் காட்டுவேன் என்கிறான். அவனுக்குப் பென்சில் எடுத்துக் கணக்குப் பார்க்க ஒரு லிண்டாகூட இல்லை.