ஏணி போட்ட படகு

பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்கள் என்றதும் உங்கள் மனசில் என்ன படம் ஓடுகிறது? நீலக் கடல், வெள்ளைப் பாய், கூலிங் கிளாஸ், கையில் இளநீர்... ஆபீஸில் மூணு மணி டீக்கு முன்னால் நாம் எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்த படம்தான். அதில் காட்டாமல் வெட்டிவிட்ட ஒரு ரீல் இருக்கிறது. அந்த ரீலில் கடல் கிடையாது. ஒர்க்‌ஷாப்பில் லாரி நிற்கிற மாதிரி, படகு தரையில் முட்டுக்கால்களுக்கு நடுவே நிற்கும். ஏணி வைத்து ஏறி, அதற்குள்ளே குடித்தனம் நடத்துவார்கள்!

அப்படி ஒரு குடித்தனத்தில் 2019 ஜனவரியில் பன்னிரண்டு நாள் விருந்தாளியாக இருந்தேன். இடம், மலேசியாவின் லங்காவித் தீவு. வீட்டுக்காரர், ஸாரி, படகுக்காரர் சிங்கப்பூரில் எனக்கு மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர். ஒரு நாள் லீவு கேட்டால் ஒன்பது கேள்வி கேட்ட புண்ணியவான். ரிட்டயர் ஆனதும் வீட்டை விற்று, 38 அடி நீளத்தில் செகண்ட் ஹாண்ட் படகு வாங்கி, மனைவியோடு கிளம்பிவிட்டார். ‘பொங்கல் லீவுக்கு வா, கடலைக் காட்டுகிறேன்’ என்று மெயில் அனுப்பினார். போய் இறங்கி, “கடல் எங்கே சார்?” என்றேன். “அதோ, இருநூறு மீட்டர்” என்று கை காட்டினார்.

லங்காவிக்கு ஏன் இத்தனை படகுகள் வருகின்றன? 1987-லிருந்து வரியில்லாத் தீவு. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் புயல் பயம் குறைவு. (சுனாமி கணக்கில் வராது. 2004-ல் இங்கே ரெபாக், தெலாகா படகுத்துறைகள் இரண்டுமே அடி வாங்கின.) அதனால் உலகம் சுற்றுகிறவர்கள் இங்கே வந்து படகைக் கரையேற்றி ரிப்பேர் பார்க்கிறார்கள்.

நம்ம மேனேஜரின் திட்டம் பத்தே நாள். அடிப்பாகத்தில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டி, செம்பு கலந்த பெயின்ட் அடித்து, திரும்ப இறக்கிவிடுவது. அது நவம்பரில். படகைத் தூக்கியதும் சுக்கானின் கீழ் முனையிலிருந்து காபி கலரில் தண்ணீர் சொட்டியிருக்கிறது. அறுத்துப் பார்த்தால், உள்ளே இருந்த எவர்சில்வர் தண்டும் அதில் வெல்டு வைத்த தகடுகளும் அரித்துப் போயிருந்தன. எவர்சில்வர் அரிக்குமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். காற்று படுகிற வரைக்கும் அதற்கு ஒரு மெல்லிய கவசம் உண்டாம். மூடிய இடத்தில் உப்புத் தண்ணீர் தேங்கினால் கவசம் போய்விடும், சத்தமில்லாமல் தின்றுவிடும். நடுக்கடலில் சுக்கான் உடைந்தால் படகு வெறும் மிதக்கிற பீப்பாய். ஆகப் பத்து நாள், இரண்டு மாசம் ஆயிற்று.

தரையில் நிற்கிற படகில் வாழ்வது எப்படி என்கிறீர்களா? முதலில் ஏணி. பத்து அடி உயரம். காலையில் பல் தேய்க்க இறங்கு, மறந்த சோப்புக்கு ஏறு, துண்டுக்கு மறுபடி ஏறு. படகுக்குள்ளே பாத்ரூம் உண்டு, உபயோகிக்க முடியாது. அதற்குக் கடல்தண்ணீர்தான் ஃப்ளஷ். அதனால் பட்டறையின் கோடியில் இருக்கிற பொதுக் கழிப்பறைக்கு டார்ச்சோடு நடை. ராத்திரி இரண்டு மணிக்கு என்றால் பக்கெட்! (மேற்கொண்டு கேட்காதீர்கள்.) ஃப்ரிட்ஜுக்கும் கடல்தண்ணீர்தான் குளிர்ச்சி, அதனால் அதுவும் அவுட். ஐஸ்பெட்டியில் வாங்கிப் போட்ட கட்டி சாயந்திரத்துக்குள் கரைந்து, வெண்ணெய் நீச்சலடிக்கும். சிங்க்கில் கை கழுவினால் தண்ணீர் படகின் வயிற்றிலிருக்கிற ஓட்டை வழியாக நேராகக் கீழே கொட்டும். கீழே பெயின்ட் அடிக்கிறவன் தலை இருக்கலாம். அதற்கும் ஒரு வாளி தொங்கும்.

பகலில் பக்கத்துப் படகுகளில் உப்புக் காகிதம் தேய்க்கிற தூசி, சாயந்திரம் கொசு. கதவைச் சாத்தினால் இட்லிக் குண்டான், திறந்தால் கொசுக் கல்யாணம். எனக்கு விநோதமாகப் பட்டது ராத்திரிதான். படகு ஆடாது! கடலிலே தொட்டில் மாதிரி தூங்கிப் பழகிய இருவரும் இங்கே புரண்டு புரண்டு படுத்தார்கள். சனிக்கிழமை பலத்த காற்று ஒன்று அடித்தது. பாய்மரம் நடுங்க, அந்த நடுக்கம் முட்டுக்கால் வழியாகத் தரைக்குப் போவது முதுகில் தெரிந்தது. எடையைத் தாங்குவது அடியிலிருக்கிற கீல், முட்டுக்கால்கள் படகு சாயாமல் பார்த்துக்கொள்ள மட்டும் என்று சார் அந்த நேரம் பார்த்து விளக்கினார். எனக்குத் தூக்கம் போயே போச்சு.

இதெல்லாம் சிரிப்புதான். சிரிப்பில்லாத விஷயம் காற்று. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வங்காள விரிகுடாவில் வடகிழக்குக் காற்று. இலங்கைக்கு 1,200 கடல் மைல், அந்தக் காற்று முதுகில் இருந்தால் பத்து நாள். அங்கிருந்து மாலத்தீவு, செங்கடல் என்று மேற்கே போக ஜனவரி, பிப்ரவரிதான் தோது. (2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த பிறகு பெரும்பாலான படகுகள் அந்தப் பாதையையே விட்டுவிட்டன.) தவறவிட்டால் காற்று திசை மாறிவிடும், இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். லங்காவி இருப்பது கெடா மாநிலத்தில், அதாவது ராஜேந்திர சோழன் வென்ற நம்ம கடாரம். பழைய காலத்து வணிகர்களும் ஊர் திரும்ப இந்தக் காற்றுக்காகத்தான் மாசக்கணக்கில் கெடாக் கரையில் காத்துக் கிடந்தார்கள்.

மேடம் ஒரு நோட்டில் கணக்கு எழுதுவார். பட்டறை வாடகை, கூலி, சாமான். ஒரு ராத்திரி நோட்டை மூடிவிட்டு, சத்தம் போடாமல் சொன்னார். “இந்த வருஷம் கிளம்பலேன்னா நான் ப்ளேன்ல வீட்டுக்குப் போறேன். நீங்க படகோட இருங்க.” போவதற்கு வீடு? அதைத்தான் விற்றாகிவிட்டதே! சார் பதில் பேசவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனவர் திரும்ப ஒரு மணி நேரம் ஆயிற்று.

எல்லாம் வெல்டர் தம்பி கையில் இருந்தது. சுங்கைப் பட்டாணிக்காரர், தமிழர். என்னைப் பார்த்ததும், “என்னாண்ணே, பசியாறிட்டீங்களா?” என்றார். காலைப் பலகாரம் ஆயிற்றா என்பதற்கு மலேசியத் தமிழ். புதுத் தண்டு பொங்கலன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. “அண்ணே, 21-ஆம் தேதி தைப்பூசம். 20-ஆம் தேதி நான் பினாங்கு கிளம்பிடுவேன். காவடி நேர்த்திக்கடன், தள்ள முடியாது.”

இங்கேதான் சிக்கல். அந்தப் பட்டறையின் வாய்க்கால் ஆழமில்லாதது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றத்தில்தான் இந்தப் படகை இறக்க முடியும். தைப்பூசம் என்றால் பௌர்ணமி. அதை விட்டால் அடுத்த ஏற்றம் பிப்ரவரி 5-ஐ ஒட்டி, அது சீனப் புத்தாண்டு. பட்டறைக்கே பூட்டு! அதற்கடுத்தது அதற்கும் இரண்டு வாரம் கழித்து. முருகனும் சந்திரனும் சீனர்களும் சேர்ந்து போட்ட டைம்டேபிள்.

தம்பி ராத்திரி பதினொன்று வரை வெல்டு வைத்தார். பொறி பறக்க, மேடம் பக்கெட் தண்ணீரோடு காவல். மறுநாள் தகடுகளைச் சுற்றி ஃபோம் ஊற்றி, மேலே ஃபைபர் துணியும் எபாக்ஸி பசையும். வெயில் நல்ல வேலை செய்தது, சீக்கிரமே இறுகியது. அடுத்து சுக்கானை மாட்ட வேண்டுமே? தண்டு நீளம், படகுக்கும் தரைக்கும் நடுவே இடம் போதாது. படகுக்கு அடியில் குழி வெட்ட வேண்டும். அதுக்கென்ன, மேனேஜரும் நானும் மண்வெட்டி எடுத்தோம். ஐந்து வருஷம் ஆபீஸில் எனக்குக் குழி வெட்டியவரோடு சேர்ந்து குழி வெட்டுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

20-ஆம் தேதி மத்தியானம் சுக்கான் ஏறியது. தம்பி தண்டை நாலு தடவை இடமும் வலமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினார்.

22-ஆம் தேதி, ஏற்றம் உச்சத்துக்கு வரும் நேரம். நாலு சக்கரம் வைத்த ராட்சத இரும்புச் சட்டம் ஊர்ந்து வந்து, இரண்டு அகலமான பெல்ட்டில் படகைத் தொட்டில் கட்டித் தூக்கியது. தண்ணீரில் இறக்கியும் பெல்ட்டை உடனே கழற்றமாட்டார்கள். முதலில் உள்ளே போய் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். மேடம் பின்பக்கம் தவழ்ந்து போய் சுக்கான் தண்டு நுழைகிற குழாயைத் தடவினார். ஈரம். விரலை நாக்கில் வைத்தார். நல்ல தண்ணீர் என்றால் சொந்தத் தொட்டியின் கசிவு, பரவாயில்லை.

“உப்பு” என்றார்.

சார் ஸ்பானரோடு உள்ளே போனார். பாக்கிங் நட்டைக் கால் திருப்பு. துடைத்தார்கள். லிஃப்ட் டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார், தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் அவர் பாடு. இன்னொரு கால் திருப்பு. பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. மேடம் மறுபடி விரலை வைத்தார். காய்ந்திருந்தது. பெல்ட் கழன்றது. டேபிளில் வைத்திருந்த டீ டம்ளர் அரை அங்குலம் நகர்ந்தது. மேடம் அதைப் பிடிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

என் செல்போன் அடித்தது. ஒரே மேளச் சத்தம். “அண்ணே, ரதம் திரும்பி வருது, சத்தம் கேக்குதா? மெதக்குதா?”

“மிதக்குது தம்பி.”

“அப்ப சரி. அந்தம்மாகிட்ட மீதி முந்நூறு வெள்ளிய வாங்கி வச்சிருங்க. கிளம்பிரப் போறாங்க!”