வாசிக்காதவர்

லண்டன், விக்மோர் ஹால். 1901-இல் திறந்த அரங்கம், சுமார் 550 இருக்கைகள். மேடையில் ஒரு செல்லோ, ஒரு பியானோ. பியானோவின் மூடி முழுக்கத் திறந்திருக்கிறது.

செல்லோ வாசிக்கும் பெண் கருவியின் அடிமுள்ளை மரத்தரையில் ஊன்றுகிறார். ஒருமுறை அசைத்துப் பார்க்கிறார். வழுக்கவில்லை.

முதலில் பீத்தோவன். 1809-இல் வெளிவந்த ஏ மேஜர் சொனாட்டா. செல்லோ தனியாகத் தொடங்குகிறது. பியானோ முன் இருக்கும் நரைத்தலைக்காரரின் கைகள் மடியில். அவர் பார்ப்பது வில்லை அல்ல, அந்தப் பெண்ணின் தோளை. மெட்டு இறங்கி ஒரு தாழ்ந்த சுரத்தில் நின்றதும் கைகள் எழுகின்றன. ஹைடனின் மூவர் இசையில் பியானோவின் இடக்கையை ஒட்டியே போய்க்கொண்டிருந்த செல்லோவுக்கு, முதல் பேச்சையே கொடுத்துவிட்டார் பீத்தோவன்.

அடுத்து டெபுஸி, 1915. போர்க்காலத்தில், உடல் நலிந்த நிலையில் எழுதியது. பன்னிரண்டு நிமிடம்கூட வராது. இப்போது பியானோ முந்துகிறது, காத்திருப்பது செல்லோ. பியானோ வாசிப்பவர் செல்லோவோடு மல்லுக்கு நிற்கக்கூடாது, துணைபோக வேண்டும் என்று டெபுஸி குறித்துவைத்தார். நரைத்தலைக்காரர் அதை மறக்கவில்லை. இரண்டாம் பகுதியில் அந்தப் பெண் வில்லை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு விரலால் தந்தியைச் சுண்டும்போது, பியானோ அவ்வளவு மெல்லப் பின்னால் வருகிறது.

இதற்கு எதிர்த்திசையில் 14 ஆண்டுகளுக்கு முன்பே போனவர் ராக்மனினாஃப். அவருடைய ஜி மைனர் சொனாட்டா 1901 டிசம்பரில் மாஸ்கோவில் அரங்கேறியபோது பியானோ வாசித்தவரும் அவரே. சுரங்கள் கொட்டுகின்றன. பக்கம் புரட்டும் இளைஞருக்கு உட்கார நேரமில்லை. பாதி எழுந்து, தாளின் மேல்மூலையைப் பிடித்தபடி தலையசைப்புக்காகக் காத்திருக்கிறார். சில இடங்களில் செல்லோ மூழ்கித்தான் போகிறது.

மூன்றாம் பகுதி, ஆண்டாண்டே. மேஜருக்கும் மைனருக்கும் இடையே ஊசலாடும் மெட்டை முதலில் பியானோ மட்டும் சொல்கிறது. அந்தப் பெண்ணின் வில் முழங்கால்மேல் கிடக்கிறது. வலக்கை அசையவில்லை. ஆனால் இடக்கை விரல்கள் தந்திமேல் போய் அமர்ந்துவிட்டன. அழுத்தவில்லை, சும்மா இருக்கின்றன. அவர் மூச்சை இழுப்பது இங்கே வரை தெரிகிறது. பிறகு அதே மெட்டு செல்லோவில் வருகிறது. பியானோ சொன்னதைக் கேட்டிருந்தவர் வாசிக்கிற வாசிப்பு அது. இந்த மூன்றில் என் மனம் சாய்வது இதன் பக்கம்தான்.

செல்லோ, பியானோ கச்சேரிக்குப் போகிறவர்கள், கிடைத்தால், மேடையைப் பார்த்து இடப்பக்கம் சீட்டு வாங்குங்கள். பியானோ வாசிப்பவரின் கைகள் அங்கிருந்துதான் தெரியும். வாசிக்காதபோது அவை என்ன செய்கின்றன என்பதும்.