திருமுல்லைவாயில் சகோதரிகள்

சென்னையிலிருந்து ஆவடிக்குச் செல்லும் மின்சார ரயிலில் அம்பத்தூரைத் தாண்டினால் அடுத்த நிலையம் திருமுல்லைவாயில். சுந்தரர் பாடிய ஸ்தலம். இங்கே வருகிறவர்கள் மாசிலாமணீசுவரரையும் கொடியிடை நாயகியையும் தரிசித்து, வெள்ளெருக்குத் தூண்களைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்புகிறார்கள். இவ்வூர்ப் பக்கத்து மரத்தடிகளில் நாள்தோறும் கூடும் மகாசபையை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. அதைப் பற்றித்தான் நாம் சொல்ல வந்தோம்.

சபையின் அங்கத்தினர்கள் தவிட்டுக் குருவிகள். தவிட்டு நிறம், வெளுத்த தலை, மஞ்சள் அலகு, கோபக்காரர்களுக்கு உரிய வெளிறிய கண். குரலில் சங்கீதம் கிடையாது. ஓயாத வாக்குவாதந்தான் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இவை ஏழெட்டாகவே திரியும். இந்த இனத்தாரை வடநாட்டார் 'ஏழு சகோதரர்' என்றனர். ஆங்கிலேயரோ 'ஏழு சகோதரிகள்' என்று மாற்றிவிட்டனர்!

இந்தக் கூச்சல் வீணானதல்ல. இவற்றுக்கு நெடுந்தூரம் பறக்கும் சக்தி இல்லை. தத்தித் தத்தி நடந்து, உதிர்ந்த சருகைப் புரட்டிப் பூச்சி தேடுவதே பிழைப்பு. தலை குனிந்து தேடுகிறவனுக்குப் பகைவன் தெரிவானா? ஆகையால் ஒன்று கிளைமேல் காவலிருக்கிறது. வல்லூறோ பூனையோ தென்பட்டால் அது கத்தும். உடனே அத்தனையும் சேர்ந்து கத்தும். பேச்சு ஓய்ந்தால் கூட்டம் சிதறிவிடும்; தனித்த குருவி நெடுநாள் பிழைப்பது அரிது. இரவிலும் ஒரே கிளையில் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டுதான் உறங்குகின்றன.

குழந்தை வளர்ப்பும் கூட்டுக் குடும்ப முறைதான். கிளைக் கவட்டில் கிண்ணம் போன்ற கூடு. அதில் இரண்டு முதல் நான்கு வரை பச்சை கலந்த நீல முட்டைகள். குஞ்சு பொரித்தபின், பெற்றோரோடு கூட்டத்திலுள்ள பிறரும் இரை கொண்டுவந்து ஊட்டுகின்றனர். இந்தத் தாராள மனத்தை அறிந்தே சுடலைக் குயிலும் அக்காக் குயிலும் தங்கள் நீல முட்டையை இங்கே இட்டுவிட்டுப் போகின்றன. பெயரிலேயே 'அக்கா' இருக்க, சகோதரிகள் எப்படிச் சந்தேகிப்பார்கள்!

குயிலின் வஞ்சனையைத் தாங்கும் இக்குடும்பம் நமது சுத்தத்தைத் தாங்குமா என்பதே கேள்வி. மனைகள் பெருகப் பெருக வேலிப் புதர்கள் மறைந்து மதில்கள் எழுகின்றன. சருகைக் கூட்டித் தீ வைக்கிறோம். தரைக்குச் சிமெண்டு பூசுகிறோம். இரை தேட இடமில்லாவிட்டால் சபை கலைய வேண்டியதுதான்.

யானையின் காலைச் சுற்றிய முல்லைக் கொடியைத் தொண்டைமான் வாளால் வெட்டினானாம்; உள்ளே மறைந்திருந்த லிங்கத்தின்மேல் அந்த வெட்டுப் பட்டதாம். இது இவ்வூரின் ஸ்தல புராணம். புதரை வெட்டுமுன் அதனுள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கும் வழக்கம், வேறெங்கும் இல்லாவிட்டாலும், திருமுல்லைவாயிலிலாவது இருக்க வேண்டாமா? தோட்டத்து மூலையில் ஒரு பாகம் சருகை அப்படியே விட்டுவைத்தால் போதும். சகோதரிகள் அங்கே தினந்தோறும் சபை கூட்டுவார்கள்.