இக்கரையிலேயே ஒரு விடுமுறை

பள்ளித் தேர்வுகள் முடிவுறும் காலம் நெருங்கியதும் இல்லந்தோறும் ஒரு வினா எழுவது இயல்பு. "இந்த விடுமுறைக்கு எங்கே போகிறோம்?" என்று பிள்ளைகள் கேட்பர். தாய் தந்தையின் முகத்தை நோக்குவார். தந்தை நாட்காட்டியை நோக்குவார்; அவர் மனமோ மாதச் சம்பளத்தையும் மளிகைக் கடைப் பாக்கியையும் எண்ணிக்கொண்டிருக்கும். எதிர் வீட்டார் உதகைக்குச் சென்று திரும்பியிருப்பர். மைத்துனர் குடும்பம் கொடைக்கானலில் எடுத்த படங்களைக் கைப்பேசியில் அனுப்பியிருக்கும். நாம் மட்டும் வீட்டிலேயே முடங்கிக் கிடப்பதா என்ற ஏக்கம் பிள்ளைகளுக்கு. பிள்ளைகளின் ஏக்கத்தைத் தீர்க்க இயலவில்லையே என்ற தாழ்வு பெற்றோருக்கு.

இந்தத் தாழ்வுணர்வுதான் பல குடும்பங்களைக் கடனில் ஆழ்த்துகிறது. மூன்று நாள் மலைவாசத்துக்காக மனைவியின் வளையல்களை அடகு வைத்த ஒருவர், கிறிஸ்து பிறப்பு விழா வரையில் வட்டி கட்டிக்கொண்டிருந்ததை நாம் அறிவோம். "மலையில் என்னப்பா கண்டாய்?" என்று அவர் மகனைக் கேட்டோம். "ரோட்டுல வரிசையா நின்ன வண்டிங்கதான், ஃபாதர்" என்றான் சிறுவன். அவன் மிகைப்படுத்தவில்லை. கோடையில் குவியும் ஊர்திகளைக் கட்டுப்படுத்தவே, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே மாதத்தில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் ஊர்திகளுக்கு இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது.

ஓய்வு என்பது செல்வந்தரின் தனியுரிமை அன்று. பணியில் களைத்துத் திரும்பிய சீடரைத் தனித்த இடத்துக்கு அழைத்துச் சென்று இளைப்பாறச் செய்தவர் நம் ஆண்டவர். ஆகவே, "வசதியில்லை, விடுமுறை வேண்டாம்" என்று நாம் சொல்ல வரவில்லை. விடுமுறை வேண்டும், அதற்குக் கடன் வேண்டாம் என்பதே நம் கருத்து. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பர். நம் கரையின் பசுமையை நாம் கண்டிருக்கிறோமா என்பதே கேள்வி.

திருச்சியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் குடும்பங்களுக்குக் காவிரி ஒரு பெருஞ்செல்வம். காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பத்தக்க மூன்று பயணங்களை இங்கே குறிப்பிடுகிறோம். மூன்று நாள், மூன்று இடம். ஆனால் ஆறு ஒன்றே. விடுதி வாடகை இல்லை. 2021 மே மாதத்தில் தொடங்கிய அரசின் திட்டத்தால், சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமும் இல்லை. தாயும் பெண்மக்களும் இலவசமாய் வர, தந்தையும் ஆண்பிள்ளைகளும் மட்டும் சீட்டு வாங்கினால் போதும்.

முதல் நாள்: மலைக்கோட்டை

எந்த ஊரையும் அறிய முதலில் உயரத்தில் ஏறிப் பார்க்க வேண்டும். சுமார் 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டைப் பாறையை அன்றாடம் கீழிருந்து காண்கிறோம். ஏறியவர் எத்தனை பேர்? நானூற்றுக்கு மேற்பட்ட படிகள். வெயில் ஏறுமுன் ஏறிவிட வேண்டும். வழியிலே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டு காவிரியையும் சோழ நாட்டையும் குறிப்பிடுகிறது. இங்கு நின்று ஆற்றைக் காண்பது ஓர் இன்பம் என்பதை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசன் உணர்ந்திருந்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

உச்சியில் நின்று வடக்கே நோக்கினால் நம் ஊரின் அமைப்பு முழுவதும் விளங்கும். அருகே காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கத் தீவும், 1987-இல் கட்டி முடிக்கப்பெற்ற 236 அடி உயர இராசகோபுரமும், அதற்கும் அப்பால் கொள்ளிடம். மேற்கே முக்கொம்பில் பிரியும் இவ்விரு கிளைகளும் கிழக்கே கல்லணையருகில் மீண்டும் நெருங்கி வருகின்றன. பாடநூலில் வரைபடமாய்க் கண்டதைக் கண்முன் கண்ட சிறுவன் அதை மறக்கமாட்டான்.

கீழே இறங்கினால், பிரான்சு நாட்டு லூர்து நகர் ஆலயத்தை ஒத்து எழுப்பப்பெற்ற லூர்து அன்னை ஆலயம். அதன் அருகே புனித வளனார் கல்லூரி. அது 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு வந்தது. ஆலயத்தின் குளிர்ந்த அமைதியில் சற்று நேரம் அமர்ந்திருந்தாலே ஏறிய களைப்புத் தீரும். பிற்பகலில் ஸ்ரீரங்கத்தையடுத்த மேலூரில், 2015-இல் திறக்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குச் செல்லலாம். நுழைவுக் கட்டணம் சிறிதே. பூங்காவின் விடுமுறை நாளை மட்டும் முன்னரே விசாரித்துக்கொள்க.

இரண்டாம் நாள்: முக்கொம்பு

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் மேற்கே முக்கொம்பு. அகண்ட காவிரி இரண்டாய்ப் பிரியும் இடம் இது. மர நிழலும், பிள்ளைகள் விளையாடப் பூங்காவும் உண்டு. ஆயினும் இங்கே காண வேண்டியது அணையையே.

கொள்ளிடத்தின் படுகை காவிரியினும் தாழ்வானது. ஆதலால், முற்காலத்தில் நீரெல்லாம் கொள்ளிடத்தை நாடி ஓடிற்று. காவிரியோ மணல் மேடிட்டு வறண்டது. தஞ்சை நிலங்கள் தவித்தன. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் 1836 முதல் 1838 வரையில் மேலணையைக் கட்டி, நீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார். 180 ஆண்டுகள் உழைத்த அந்த அணையின் மதகுகள் ஒன்பது 2018 ஆகஸ்டு 22 இரவு, வெள்ளத்தின்போது உடைந்து வீழ்ந்தன. பின்னர் அங்கே புதிய கதவணை எழுப்பப்பட்டது. பழையதையும் புதியதையும் காட்டி, "ஓர் அணையைக் கட்டுவதோடு கடமை முடிவதில்லை, காப்பதும் கடமையே" என்று பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

மூன்றாம் நாள்: கல்லணை

தீவின் கிழக்குக் கோடியிலே, திருச்சியிலிருந்து ஏறக்குறைய அதே தொலைவில் கல்லணை. கரிகாற் சோழன் கட்டியதென்று வழிவழியாய்ப் போற்றப்படுவது. இங்கே காவிரி மீண்டும் தாழ்ந்த கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்கு ஓடிவிடாமல் காப்பதே இவ்வணையின் பணி. ஆழங்காண இயலாத மணலில் பாறைகளை இட்டு, அவை அமிழ அமிழ மேலும் பாறைகளை அடுக்கி, இடையே களிமண் சேர்த்து எழுப்பினர் நம் முன்னோர். இந்த அடித்தள முறையைக் கண்டு வியந்த காட்டன், மணற்படுகையில் அணைகட்டும் கலையை இதனிடமிருந்தே கற்றுக்கொண்டார். பின்னாளில் கோதாவரியிலும் அதனைப் பயன்படுத்தினார்.

இங்கிருந்து நீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று மக்கள் அழைக்கும் கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காய்ப் பிரிகிறது. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்ற காலத்தில் வந்தது இக்கால்வாய். பாலத்தின் மீது நடந்தால் நான்கின் தலைவாயில்களையும் ஒரே நாளில் கண்டுவிடலாம்.

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில் நம் பங்கைச் சேர்ந்த சில குடும்பங்களுடன் இங்கு வந்திருந்தோம். அவர்களுள் ஒருவர் சந்தையில் மூட்டை சுமப்பவர். இளமையில் தஞ்சைப் பக்கத்து வயல்களில் உழைத்தவர். அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. பள்ளிக்குக் கையொப்பமிட வரும்போதெல்லாம் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் தந்தையையே அவள் கண்டிருக்கிறாள். அன்று மதகுகளின் அருகே நின்ற பிள்ளைகள் ஏதோ கேட்க, அவர் மெல்லப் பேசத் தொடங்கினார். மேட்டூரில் திறந்த நீர் இங்கு வந்துசேர எத்தனை நாள் ஆகும். முறை வைத்து நீர் விடுவது ஏன். மடை திறக்க நள்ளிரவில் மண்வெட்டியும் விளக்குமாய்ச் செல்வது எப்படி. கடைமடை வயலுக்கு நீர் எட்டாவிட்டால் அந்த வீட்டில் என்ன நேரும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். பிள்ளைகள் அனைவரும் அவரைச் சூழ்ந்துகொண்டனர். திரும்பும் வழியில் அச்சிறுமி நம்மிடம் வந்து, "எங்கப்பாவுக்கு இவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியாது, ஃபாதர்" என்றாள்.

அருகிலுள்ள இடத்தின் அருமை இதுதான். தொலைதூர மலை நகரிலே பெற்றோரும் அந்நியர், பிள்ளைகளும் அந்நியர். எதைப் பார்ப்பது, எங்கே உண்பது என்று யாரோ ஒரு வழிகாட்டி சொல்ல, எல்லாரும் பின்செல்ல வேண்டியதுதான். நம் ஆற்றங்கரையிலோ தந்தைக்குச் சொல்வதற்குக் கதை உண்டு. ஆடிப்பெருக்கன்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு வந்த நினைவு பாட்டிக்கு உண்டு. அவர்கள் பேச, பிள்ளைகள் கேட்கின்றனர். பெற்றோரைப் பற்றிய மதிப்பு பிள்ளைகள் நெஞ்சில் உயர்வதைவிடச் சிறந்த விடுமுறைப் பயன் வேறென்ன?

எப்போது செல்வது?

விடுமுறை என்றால் மே மாதம் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். மே மாதத்தில் காவிரியில் காண்பது பெரும்பாலும் மணலே. வெயிலோ சொல்லி மாளாது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து அது முன்பின்னாவதும் உண்டு. அணை திறந்த சில நாட்களில் கல்லணைக்கு நீர் வந்துவிடும். ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஆடிப்பெருக்கு. அன்று கூட்டம் மிகுதி. செப்டம்பர் இறுதியில் காலாண்டுத் தேர்வு விடுமுறை வரும்போது ஆற்றில் நீரிருக்கும், வெயில் தணிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழையும் தொடங்கியிராது. ஆதலால் இந்த விடுமுறையே ஏற்றது என்பது நம் துணிபு. மலைக்கோட்டைக்கு மட்டும் எக்காலத்திலும் அதிகாலையில் செல்லலாம்.

சில எச்சரிக்கைகள்

முதலாவது, ஆற்றில் இறங்க வேண்டாம். மேலே அமைதியாய்த் தோன்றும் நீருக்கு அடியில் மணற்பள்ளங்களும் சுழல்களும் மறைந்திருக்கும். மதகு திறந்தால் நீர்மட்டம் திடீரென உயரும். நீந்தத் தெரிந்த இளைஞரும் மாண்டதுண்டு. ஆழமறியாமல் காலை விடாதே என்ற முதுமொழி இவ்விடங்களுக்கென்றே பிறந்தது போலும். எச்சரிக்கைப் பலகை இருக்குமிடத்தில் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நில்லுங்கள்.

இரண்டாவது, தாய்க்கும் அன்று விடுமுறை என்பதை மறவாதீர்கள். எல்லாரும் உல்லாசமாய்ப் புறப்பட, அவர் மட்டும் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டி, பகலெல்லாம் பரிமாறி, இரவில் வந்து பாத்திரம் துலக்குவதானால், அது அவருக்கு விடுமுறையன்று, இரட்டைப் பணியே. முந்திய மாலையில் கணவர் வெங்காயம் உரிக்கட்டும். மூத்த மகன் புளி கரைக்கட்டும். இளையவள் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பட்டும். திரும்பும்போது இட்லியோ தோசையோ உணவகத்தில் உண்டுவிட்டு வீடு சேருங்கள். விடுதிக்குக் கொடுக்காத பணத்தில் மிகச் சிறு பகுதியே இதற்குப் போதும்.

மூன்றாவது, உண்டபின் இலையையும் காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் ஆற்றங்கரையில் விட்டு வராதீர்கள். அந்நீரையே கீழே உள்ளவர் பருகுகின்றனர்.

நான்காவது, கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். இரண்டு மூன்று படங்கள் போதும். அண்டை அயலாருக்குக் காட்டுவதற்காகச் செல்லும் பயணமே நம்மைக் கடனாளியாக்குகிறது. நம் பிள்ளைகளோடு இருப்பதற்காகச் செல்லும் பயணத்துக்குச் செலவு குறைவு.

அன்பார்ந்த பெற்றோரே, வாய்ப்பும் வசதியும் உள்ளவர் தொலைவிடங்களுக்குச் சென்று வரட்டும், அதில் குறையொன்றுமில்லை. இயலாதவர் நாணவும் வேண்டாம், அடகுக் கடையை நாடவும் வேண்டாம். அடுத்த விடுமுறைக்கு இப்போதே ஒரு நாளைக் குறித்து, அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். வேறு வேலை வந்தாலும் அந்த நாளை மாற்றாதீர்கள். வாக்களித்த நாளில் தாயும் தந்தையும் முழுப்பகலும் தங்களோடு இருந்தனர் என்பதே பிள்ளைகள் பெரியவர்களான பின்னும் நினைத்து மகிழ்வது.