தலைநகரில் தேடிய பெயர்

தலைநகர் தில்லி என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவன செங்கோட்டையும் குதுப்மினாருமே. அவற்றைக் காணும் ஆவலில்தான் நானும் கல்விச் சுற்றுலாவிற்குப் பெயர் கொடுத்தேன். கம்பத்தில் திராட்சைத் தோட்டக் கூலியான என் தந்தை பணத்திற்கு என்ன செய்வது என்று தயங்கினார். அப்பத்தா தன் சுருக்குப் பையை அவிழ்த்து, சிறுவாட்டுப் பணத்தை என் கையில் வைத்தார். "ராசா இருந்த எடமெல்லாம் பாரு சாமி. நம்மளப் போல ஆளுக அங்க இருந்தாகளான்னும் பாத்துட்டு வா" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தக் கேள்வியை அப்போது பெரிதாக எண்ணவில்லை.

குதுப் வளாகத்து இரும்புத் தூண் என்னைக் கட்டி நிறுத்தியது. ஏழு மீட்டர் உயரமும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அது குப்தர் காலத்தது. சுமார் 1,600 ஆண்டுகளாக அதைத் துரு அரிக்காததற்கு, இரும்பிலுள்ள பாஸ்பரஸ் உண்டாக்கிய மெல்லிய காப்புப் படலமே காரணம் என்பர். வேதியியல் மாணவனாகிய எனக்கு அது நல்ல பாடம். தூணில் சந்திரன் என்னும் அரசனின் புகழ் பொறிக்கப்பட்டுள்ளது. இரும்பைக் காய்ச்சி அடித்த கொல்லர் பெயர் இல்லை. அப்பத்தாவின் கேள்வி அங்கேதான் என் நெஞ்சில் தைத்தது.

மறுநாள் குடியரசுத் தலைவர் மாளிகை நிற்கும் ரைசினா குன்றைக் கண்டோம். 1911 டிசம்பர் 12 அன்று, தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். 1931இல் புது தில்லி திறந்து வைக்கப்பட்டது. வரலாற்று நூல் இதைச் சொல்லும். ஆனால் ரைசினா என்பது ஒரு கிராமத்தின் பெயர். மால்சா என்பது மற்றொன்று. புதிய நகருக்காக அவற்றின் நிலங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. உழுதவர்கள் ஊரைவிட்டுப் போயினர். இன்று ஊர்ப்பெயர்கள் குன்றிலும் சாலையிலும் வாழ்கின்றன. உழுதவர் பெயரைச் சொல்லும் பலகை எதையும் நான் காணவில்லை.

இந்தியா கேட்டிலோ காட்சி வேறு. அந்த வளைவில் 13,000க்கும் மேற்பட்ட போர்வீரர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. எளியவர் பெயரையும் கல்லில் எழுத முடியும் என்பதற்கு அதுவே சான்று!

திரும்பும் ரயிலில் நம் பள்ளத்தாக்கை எண்ணினேன். 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரால்தான் நாம் சோறுண்கிறோம். பென்னிகுவிக் அவர்களுக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் உண்டு, அது தகும். காய்ச்சலிலும் வெள்ளத்திலும் மாண்ட கூலியாட்களை யார் அறிவார்? அப்பத்தாவின் கொள்ளுத் தாத்தாவும் அந்த அணைக்குச் சுண்ணாம்பு சுமந்தவர் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு.

வீடு சேர்ந்ததும், "இருந்தாக அப்பத்தா. பேருதான் இல்லை" என்றேன். பிறகு, "உங்க கொள்ளுத் தாத்தா பேரு என்ன?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். "பேரு தெரியலையே சாமி. சுண்ணாம்புத் தாத்தான்னுதான் எங்க ஆத்தா சொல்லும்" என்றார். அவர் கண்கள் கலங்கின. எனக்கும்தான்.

அன்றிரவே ஒரு நாற்பது பக்க நோட்டில் 'சுண்ணாம்புத் தாத்தா' என்று முதல் வரி எழுதினேன். அதன் கீழே அப்பத்தா சொல்லச் சொல்லப் பதினொரு பெயர்கள் சேர்ந்தன.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் ஓர் அப்பத்தா இருப்பார். இன்றே கேளுங்கள். நாளை கேட்கலாம் என்று நம் முன்னோர் இருந்துவிட்டதால்தான் ஒரு பெயரை நாங்கள் இழந்தோம்.